சூடிக் கொடுத்தது செல்லுமா?

1954 அக்டோபரில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் இருவர் பேரிலும் இருந்த வீட்டை இரண்டு மகன்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பத்திரம் முறையாகப் பதிவானது. பிள்ளைகள் தானத்தை ஏற்றுக்கொண்டார்கள், சுவாதீனமும் ஒப்படைத்தாகிவிட்டது என்று அதில் வாசகம் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டு வரி கட்டியதும் மகன்கள்தான். ஆனால் பெற்றோர் எங்கே போவார்கள்? அதே வீட்டில்தான் இருந்தார்கள். அப்பா முன்போலவே குடும்பத் தலைவராக வீட்டுக் காரியங்களைப் பார்த்துக்கொண்டார். 1959 செப்டம்பரில் காலமானார். எழுதிக் கொடுத்து ஐந்தாண்டு நெருங்கியிருந்த நிலையில் வரித்துறை ஒரு கணக்குப் போட்டது: வீடு இறந்தவருடைய சொத்து, அதற்கும் எஸ்டேட் டூட்டி கட்ட வேண்டும்.

வழக்கு மைசூர் உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு வந்தது. வரித்துறை சொன்னதே சரி. கொடுத்தவர் கொடுத்த பொருளிலிருந்து முழுக்க விலகியிருக்க வேண்டும்; இவர் விலகவில்லை. பிள்ளைகள் பாசத்தால் உடன் வைத்துக்கொண்டார்கள், அப்பாவுக்கு அங்கே இருக்கச் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது என்று வாதாடியும் எடுபடவில்லை. உரிமை இருந்ததா என்பதைச் சட்டம் கேட்கவில்லை. இருந்தாரா, இல்லையா?

மம்சாபுரத்திலோ ராஜபாளையத்திலோ இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் கோபமும் வரும். மகனுக்கு வீட்டை எழுதி வைத்தால் அப்பா மடத்துக்கா போவார்? ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அடியில் இருக்கும் கேள்வி லேசானதல்ல. கொடுப்பது என்றால் என்ன? கையை விட்டுப் போனால்தான் கொடுத்ததாகுமா? வைத்துக்கொண்டே கொடுக்க முடியுமா? வரிக்காரர்கள் கேட்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இதைச் சமயங்கள் கேட்டுவிட்டன. மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வந்துவிடுகிற ஸ்ரீவில்லிபுத்தூரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு நேர் எதிரான தீர்ப்பொன்று வழக்கத்தில் இருக்கிறது.

அதற்கு முன் அந்த வரியின் கதையைச் சொல்லிவிடலாம். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. இந்திய எஸ்டேட் டூட்டிச் சட்டம் 1953 அக்டோபர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சு இங்கிலாந்துடையது, அங்கே நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் 1894-இல் கொண்டுவந்த சாவு வரியின் சாயல் வரிக்கு வரி தெரியும். செத்தவர் விட்டுப் போன சொத்தின் மதிப்பைக் கூட்டி, படிப்படியாக ஏறும் விகிதத்தில் அரசு பங்கு எடுக்கும். 1960-களில் உச்சப்படி 85 சதவீதத்தைத் தொட்டது. இதற்குத் துணையாக, பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956-இல் எழுதிக் கொடுத்த யோசனையின்படி செல்வ வரி 1957-இலும், நன்கொடை வரி 1958-இலும் வந்தன. சாகும்போது வரி என்றால் ஆள் சாவதற்கு முன்பே கொடுத்துவிடுவான். ஆகவே கொடுப்பதற்கும் வரி.

சட்டம் மனித சுபாவத்தை நன்றாக அறிந்திருந்தது. சாவதற்கு இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தது கொடுத்ததே இல்லை, தருமக் காரியத்துக்கு என்றால் ஆறு மாதம் என்று கெடு வைத்தது. சாவு பயத்தில் கொடுப்பதைத் தானமாகக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்பதுதான் அதன் பொருள். கோயில் உபன்யாசகர் சொல்ல வேண்டியதை ஒரு வரிச் சட்டம் சொல்லியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது பணத்துக்காகச் சொன்னது.

பணமும் அவ்வளவாக வரவில்லை. 1985 பட்ஜெட்டில் நிதியமைச்சர் வி.பி. சிங் கணக்கைப் போட்டுக் காட்டினார்: நாடு முழுக்க வருவது ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய், வசூலிக்கும் செலவும் அலைச்சலும் அதிகம், ஏற்றத்தாழ்வும் குறையவில்லை. அந்த ஆண்டு மார்ச் 16 முதல் நேர்ந்த மரணங்களுக்கு எஸ்டேட் டூட்டி இல்லை. நன்கொடை வரி 1998 அக்டோபரில் போனது. செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி எடுத்தார். 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் சூட்டில், அமெரிக்கப் பரம்பரைச் சொத்து வரியைப் பற்றி யாரோ ஒரு பேட்டியில் பேசப்போய், இரண்டு வாரம் தேசமே தாலியையும் தங்கத்தையும் பற்றி விவாதித்தது. வரி வரவில்லை, பயம்தான் வந்து போனது.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர்.

கதை எல்லோரும் அறிந்தது. பெரியாழ்வார் வடபத்ரசாயிக்குத் தொடுத்து வைத்த மாலையை மகள் கோதை ரகசியமாகத் தான் சூடி அழகு பார்த்துவிட்டு, குடலையில் திரும்ப வைத்துவிடுவாள். ஒருநாள் அப்பா பார்த்துவிடுகிறார். அனுபவித்த பொருளைக் கொடுப்பது அபசாரம் என்று பதறி, அன்றைக்கு மாலை இல்லாமலே இருந்துவிடுகிறார். கனவில் வந்த பெருமாள் அவள் சூடியதுதான் வேண்டும் என்கிறார். இன்றும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்து போகிறது.

பெரியாழ்வார் அன்றைக்கு எடுத்த நிலையும் அந்த வீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலையும் ஒன்றுதான்: கொடுப்பவர் அனுபவித்துக்கொண்டிருந்தால் தானம் செல்லாது. வாங்குகிறவர் வந்து, செல்லும் என்கிறார். இந்த இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் வழக்கின் விவரம் ஒன்று மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கோதை மறைத்துச் செய்தவரைக்கும்தான் அது தவறு. தெரிந்த பிறகு, வாங்குகிறவர் சம்மதித்த பிறகு, அதே செயல் வழிபாடாகிவிட்டது. அனுபவித்ததில் குற்றமில்லை. ஒன்றைச் செய்துகொண்டு வேறொன்றாகக் காட்டியதில்தான் குற்றம் இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் இதற்கு ஓர் அரசாங்க உதாரணமே உண்டு. 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் ராஜ்யம் முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்குத் தானம் செய்தார். வாளைப் படியில் வைத்து எடுத்துக்கொண்டு, பத்மநாபதாசன் என்ற பேரில் தாமே ஆண்டார். எஸ்டேட் டூட்டி அதிகாரி யாராவது அன்றைக்கு இருந்திருந்தால் ஒரு நொடியில் நிராகரித்திருப்பார்: கொடுத்தவர் ஒரு நாள் கூட விலகவில்லையே! அது பக்தியா, ராஜதந்திரமா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் இருந்திருக்கலாம். ஆனால் ஊரறிய நடந்தது. யார் உரிமையாளர், யார் காரியஸ்தர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வைக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கையை விட்டு முழுக்கப் போய்விட்ட பொருளும் தானமாகாமல் போகலாம். கடோபநிஷத்து அங்கேதான் தொடங்குகிறது. வாஜசிரவஸின் மகன் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டிய வேள்வி ஒன்றைச் செய்கிறார். பசுக்கள் வரிசையாகப் போகின்றன. சிறுவன் நசிகேதன் பார்க்கிறான்: கடைசிப் புல்லைத் தின்று, கடைசித் தண்ணீரைக் குடித்து, கடைசிப் பாலையும் கறந்து முடித்த கிழட்டு மாடுகள். சட்டப்படி அவை முழுக்கக் கைமாறிவிட்டன. எந்த உச்ச நீதிமன்றமும் குறை சொல்லாது. பையனுக்குத்தான் பொறுக்கவில்லை. அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று மூன்று முறை கேட்கிறான். எமனுக்கு என்கிறார் அப்பா, எரிச்சலில். இந்தியத் தத்துவத்தின் மிக ஆழமான உரையாடல்களில் ஒன்று, ஒரு பொய்த் தானத்தைப் பிள்ளை கண்டுபிடித்ததில் தொடங்குகிறது.

இதே மாடுகள் நம் காலத்திலும் வந்தன. வினோபா பாவே 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதான இயக்கம் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராக நடந்தது. உள்ளன்போடு நல்ல நிலம் கொடுத்தவர்கள் உண்டு. வந்த நிலத்தில் கணிசமான பங்கு கல்லும் கரடுமாக, அல்லது வில்லங்கத்தில் கிடந்ததாக இருந்தது என்பதும் ஊரறிந்த செய்தி. நில உச்சவரம்புப் பேச்சு அடிபட்ட காலம் வேறு. கொடுத்துவிட்டால் பேரும் கிடைக்கும், தலைவலியும் போகும்.

ஆக, வரிச் சட்டத்தின் சோதனை ஒன்று, வேதாந்தத்தின் சோதனை இன்னொன்று. முன்னது கையைப் பார்க்கிறது, பின்னது மனசைப் பார்க்கிறது. ஒன்றில் தேறியவர் மற்றதில் தேறுவார் என்று சொல்ல முடியாது.

பட்டினத்தார் கதையில் எல்லோரும் காதற்ற ஊசியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். கணக்கப்பிள்ளையை மறந்துவிட்டார்கள். துறவு பூண்ட பட்டினத்தார் தம் கருவூலத்தைத் திறந்துவிட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று கணக்கப்பிள்ளை சேந்தனாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். சேந்தனார் அப்படியே செய்கிறார். உறவினர்கள் சோழ மன்னரிடம் போய் முறையிடுகிறார்கள். மன்னர் சேந்தனாரைப் பிடித்துச் சிறையில் வைக்கிறார். பட்டினத்தார் பாடித்தான் அவரை மீட்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் விறகு விற்றுப் பிழைத்து, ஒரு திருவாதிரையன்று களி படைத்தது தனிக்கதை. துறந்தவர் நிம்மதியாகப் போய்விட்டார். பத்திரம் எழுதாமல் போனதால் கணக்கு எழுதியவர் உள்ளே போனார். வாரிசுகளின் மனக்குறை, அரசின் தலையீடு, வாய்மொழித் தானத்துக்குச் சாட்சி இல்லாமை என்று இன்றைய சொத்து வழக்கின் எல்லா அங்கமும் அந்தக் கதையில் இருக்கிறது. துறவுக்கும் பேப்பர் வேண்டும் போலிருக்கிறது.

யாக்ஞவல்கியர் இதில் கெட்டிக்காரர். பிருகதாரண்யக உபநிஷத்தில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன், தம் இரு மனைவியரில் மைத்ரேயியை அழைத்து, உனக்கும் காத்யாயனிக்கும் சொத்தைத் தீர்த்து வைத்துவிட்டுப் போகிறேன் என்கிறார். முதலில் பாகப்பிரிவினை, பிறகு பிரம்ம விசாரம். உலகம் முழுவதும் செல்வத்தோடு என் கைக்கு வந்தாலும் அதனால் எனக்குச் சாவில்லாமல் போகுமா என்று மைத்ரேயி கேட்டது பின்னால். காத்யாயனி என்ன கேட்டாள் என்று உபநிஷத்து சொல்லவில்லை. பங்கை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவளும் தேவைதானே?

ஒரு தகப்பனால் சொத்தைக் கொடுக்க முடியுமா என்பதே இந்து தர்ம சாஸ்திரத்தில் பெரிய சர்ச்சை. வங்காளத்தின் தாயபாகம், அப்பா செத்த பிறகுதான் மகனுக்கு உரிமை என்றது. தமிழ்நாடு உட்பட மற்ற இடங்களில் செல்லுபடியான மிதாட்சரம், பூர்வீகச் சொத்தில் பிள்ளை பிறந்த கணமே பங்காளி என்றது. அப்படியானால் அப்பாவிடமிருந்து மகனுக்கு எதுவும் போகவில்லை; ஏற்கெனவே அவனுடையது. உயில் எழுதும் வழக்கமும் பழைய தர்ம சாஸ்திரத்தில் கிடையாது. இந்து உயில்களுக்கென்று சட்டம் 1870-இல்தான் வந்தது. வரிச் சட்டம் இந்தச் சித்தாந்தத்தோடு மல்லுக்கட்டியே களைத்துப் போனது. ஒருவர் தன் சுயசம்பாத்தியத்தைக் கூட்டுக் குடும்பப் பொதுச் சொத்தோடு கலந்துவிட்டால் அது நன்கொடையா என்ற கேள்வி வந்தபோது, இல்லை என்றது உச்ச நீதிமன்றம், 1970-இல். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால்தான் கொடை. இங்கே ஒருவர் தன் தனி உரிமையை விட்டார், அவ்வளவுதான். பிறகு சட்டத்தைத் திருத்தி அதையும் கொடைதான் என்று எழுதிக்கொண்டார்கள்.

மிதாட்சரத்தில் ஒரு ஓட்டை நெடுங்காலம் இருந்தது: பிறந்த கணமே பங்காளி ஆனது ஆண்பிள்ளை மட்டும். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அன்றைக்குத் திருமணமாகாத மகள்களைச் சேர்த்தது. நாடு முழுவதும் 2005 செப்டம்பர் 9-இல் வந்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்க 2020 ஆகஸ்ட் வரை ஆனது. இன்றும் கிராமத்தில் அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். சீர் செய்தாகிவிட்டது என்பது நியாயம். கொடுத்தார்களா, கொடுக்க வைக்கப்பட்டார்களா என்று நசிகேதன்தான் வந்து கேட்க வேண்டும்.

இஸ்லாம் கொடுப்பவரின் மனசை நம்பிப் பொறுப்பை முழுக்க ஒப்படைக்கவில்லை. வாரிசுப் பங்குகளைக் குர்ஆனே கணக்காகச் சொல்லிவிடுகிறது. உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போக முடியாது. சஅத் இப்னு அபீ வக்காஸ் நோயில் கிடந்தபோது, எனக்கு ஒரே மகள், சொத்தில் பெரும்பகுதியைத் தர்மத்துக்கு எழுதட்டுமா என்று கேட்டதாகவும், மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம், வாரிசுகளைக் கையேந்த விட்டுப் போகாதே என்று நபிகள் சொன்னதாகவும் ஹதீஸ் உண்டு. மரணப் படுக்கையில் கொடுக்கும் ஹிபா என்ற கொடைக்கும் அதே மூன்றில் ஒரு பங்கு வரம்பு. ஆள் நன்றாக இருக்கும்போது கொடுத்தால், சொல்ல வேண்டும், அவர் ஏற்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும். எஸ்டேட் டூட்டிச் சட்டத்தின் இரண்டு ஆண்டுக் கெடுவும், முழு விலகலும் இதற்கு எவ்வளவு கிட்டத்தில் வருகின்றன பாருங்கள்.

லூக்கா சுவிசேஷத்தில் ஒருவன் கூட்டத்தின் நடுவிலிருந்து இயேசுவைக் கூப்பிட்டு, என் அண்ணனிடம் சொல்லிச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கச் செய்யும் என்கிறான். பாகம் பிரிக்க என்னை யார் நியமித்தது என்று அவர் மறுத்துவிடுகிறார். பிறகு, பெரிய களஞ்சியம் கட்டத் திட்டம் போட்டு அன்றிரவே செத்துப் போகிற பணக்காரனின் கதையைச் சொல்கிறார். கதை அருமை. ஆனால் அந்தத் தம்பிக்குப் பங்கு கிடைத்ததா? தெரியவில்லை.

இன்றைக்கு மம்சாபுரத்துக்காரர் ஒருவர் பத்திரம் எழுதப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு, பாதி சப்பட்டை, பாதி பஞ்சவர்ணம். ஊருக்குள் ஒரு வீடு. எழுபது வயது. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், மகளை ராஜபாளையத்தில் கொடுத்திருக்கிறது. வரியைப் பொறுத்தவரை அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. செத்தால் வரி கிடையாது. பிள்ளைக்குக் கொடுத்தாலும் வருமான வரி கிடையாது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் இன்னொரு சதவீதம், 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு இவ்வளவு. அதே தோப்பை வெளியாளுக்கு விற்றால் தீர்வையும் கட்டணமுமாக ஒன்பது சதவீதம் ஆகும். உயில் என்றால் முத்திரைத்தாளே தேவையில்லை, பதிவு செய்வதும் அவரவர் விருப்பம்.

வருமான வரிச் சட்டம் யாரை உறவு என்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் தமாஷாக இருக்கும். வெளியாரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானம். தாய்மாமன் மருமகனுக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் வரியில்லை; மாமன் பட்டியலில் இருக்கிறார். அதே மருமகன் சம்பாதித்து, படுத்துவிட்ட மாமனின் வைத்தியத்துக்கு லட்ச ரூபாய் கொடுத்தால் மாமன் வரி கட்ட வேண்டும். மாமன் வாங்கும்போது மருமகன் பட்டியலில் இல்லை. அத்தை மகன் எந்தப் பக்கத்திலும் உறவே இல்லை. கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் மொய்க்கு மட்டும் யார் கொடுத்தாலும் விலக்கு. மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்தால் அதிலிருந்து வரும் வருமானம் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும். அந்த இருவருக்கும் கொடுப்பதை இன்றைய சட்டமும் கொடுத்ததாக நம்பவில்லை.

சரி, வரியே இல்லை என்றால் எதற்கு அவசரமாக எழுதுகிறார்கள்? பயம்தான். பிறகு அடித்துக்கொள்வார்களோ, உயிலைச் செல்லாது என்பார்களோ, மகள் வீட்டார் கேட்பார்களோ. பத்திர எழுத்தர் கேட்கிறார்: “ஐயா, ஆயுள் அனுபவம் போடட்டுமா, வேண்டாமா?” மகன் பக்கத்தில் நிற்கிறான். பெரியவர் அவன் முகத்தைப் பார்க்கிறார். “எதுக்குப்பா, அவன் என்ன விட்டுறவா போறான்” என்கிறார்.

அந்த இடத்தில் பத்திரம் பொய் பேசத் தொடங்குகிறது. உம்மீது எனக்குள்ள அன்பாலும் பிரியத்தாலும் என்று ஆரம்பிக்கும். இன்றே சுவாதீனம் செய்து கொடுத்து என்று போகும். தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று முடியும். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் நேரே தோப்புக்குப் போய் மோட்டாரைப் போடுவார். சுவாதீனம் அவரிடம்தான் இருக்கிறது, பேப்பர் வேறு சொல்கிறது. 1954-இல் அந்தப் பெற்றோர் எழுதியதும் இதே பத்திரம்தான். அன்றைக்கு அந்தப் பொய்க்கு அரசு வரி போட்டது. இன்றைக்கு வரி இல்லை, விலையை அவரே கட்டுகிறார். பதிந்த செட்டில்மென்ட்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. உயிலை மூச்சு இருக்கும்வரை மாற்றலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். இந்த வித்தியாசம் பலருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிய வருகிறது.

2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இவர்களுக்காகத்தான். பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, அவன் பார்க்காவிட்டால், கோட்டாட்சியர் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டுமா? வேண்டும் என்ற தொனியில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு, இந்தச் சட்டத்தை முதியவர் பக்கம் தாராளமாகத்தான் படிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிய பத்திரம் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: அன்பாலும் பிரியத்தாலும் என்று எழுதியிருக்கிறதே, அதற்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது. பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக யோசிக்காமல் எழுதி வந்த ஒரு வரிக்கு நீதிமன்றம் உயிர் கொடுத்துவிட்டது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. திரும்ப வாங்கலாம் என்றால் அது கொடையா, கடனா? கைம்மாறு கருதாமல் கொடுப்பதே ஈகை என்று சொல்லி வந்த மொழி இது. அன்புக்கு நிபந்தனை உண்டு என்று ஒரு நீதிபதி எழுதினால் பக்தர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. மகனுக்கு எழுதும் தோப்பை அந்தக் கணக்கில் வைப்பது கொஞ்சம் அதிகம். குறள் தகப்பன் மகனுக்குச் செய்ய வேண்டியதாகச் சொல்வது கற்றவர் சபையில் மதிப்போடு உட்கார வைப்பதை. ஏக்கரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. முழுக்க விட்டுக் கொடுக்கும் கொடைக்கு உதாரணம் வேண்டுமென்றால் ராஜபாளையத்திலேயே இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டு, பிறகு ஒரிசா ஆளுநராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டை ஊருக்கென்று காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அது வேறு ஜாதிக் கொடை. அதன் அளவுகோலை எடுத்து வந்து எழுபது வயது விவசாயியின் முதுகில் வைத்து, நீ பற்றை விடவில்லை என்று சொல்வது அநியாயம்.

1789-இல் அமெரிக்கத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து சகத் தலைவர் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமி உயிரோடிருப்பவர்களுடையது, அதுவும் அனுபவ பாத்தியதையாக மட்டும், செத்தவர்களுக்கு அதன்மேல் அதிகாரமில்லை என்று வாதாடினார். மிதாட்சரம் வேறு வழியாக ஏறக்குறைய அதே இடத்துக்கு வருகிறது: அப்பா பிறக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து நிர்வாகம் பார்க்கிறவர். இந்தக் கண்ணில் பார்த்தால், ஆயுள் அனுபவம் என்று பத்திரத்தில் எழுதிக்கொள்வதை அவநம்பிக்கை என்று சொல்ல முடியாது. உள்ளதை உள்ளபடி எழுதுவது அது. தோப்பு உன்னுடையது, என் காலம் வரை காய் என்னுடையது, மகன் கேட்டுச் சம்மதித்து வாங்கிக்கொள்கிறான். மறைவு எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் இப்படி எழுதினால் நடக்காது. அங்கே வாரிசு வரி இன்னும் 40 சதவீதம். கொடுத்து ஏழாண்டு உயிரோடு இருந்தால்தான் வரியிலிருந்து தப்பலாம். கொடுத்த வீட்டிலேயே பெற்றோர் தொடர்ந்து இருந்தால் ஏழாண்டும் பயனில்லை. தப்ப வேண்டுமானால் பிள்ளைக்குச் சந்தை விலையில் மாத வாடகை கொடுக்க வேண்டும். லண்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுதான் சட்டம். அப்பாவிடம் வாடகை வாங்கி வருமானத்தில் காட்டுகிற மகனை மம்சாபுரம் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடும் என்று எழுத வேண்டியதில்லை.

இங்கே இடைஞ்சல் வேறு மாதிரி. ஆயுள் அனுபவம் போட்ட சொத்தை வைத்து மகன் கடன் கேட்டால், பேங்க்கில் அப்பாவையும் கூட்டி வாருங்கள், அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். அதனால்தான் பத்திர ஆபீஸில் பல மகன்கள் அந்த வரி வேண்டாம் என்கிறார்கள். காரணம் கேட்டால், சும்மா எதுக்கு வில்லங்கம் என்பார்கள். பெரியவர் அந்த வரியைப் போடச் சொல்வதே நல்லது. கையெழுத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நடை வந்து போனால் மகனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மாம்பழக் காலமாகப் பார்த்து வந்தால் இன்னும் சௌகரியம்.